பிரிக்காத மூட்டை

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால், தாம்பரத்தில் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். சிங்கத்தைப் பார்த்திருக்கிறேன், வண்டலூரில். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. உகாண்டாவில் நான் இருந்தது ஏரிக்கரை. அங்கே பார்த்ததெல்லாம் மீன், மீனுக்காகக் காத்து நிற்கும் நாரை, மீனைக் காயவைக்கும் பெண்கள். இதைச் சொன்னால் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். கடல் தாண்டிப் போய்க் கருவாடு விற்றாயா, அதைக் கோவளத்திலேயே விற்றிருக்கலாமே என்று என் மாமா ஒருவர் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

விக்டோரியா ஏரியில் வெள்ளி நிறத்தில் ஒரு பொடிமீன் கிடைக்கும். நம்முடைய நெத்திலிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். உகாண்டாவில் அதற்கு முக்கேனே என்று பெயர், கென்யாவில் ஒமேனா, தான்சானியாவில் டகா. ஏரியின் பெரிய மீன் விமானம் ஏறி வெள்ளைக்காரன் தட்டுக்குப் போகும். பொடிமீன் காய்ந்து, மூட்டையாகி, லாரி ஏறி, பக்கத்து நாடுகளின் ஏழை வீட்டு அடுப்புக்குப் போகும். பத்திரிகைகளும் அதிகாரிகளும் பெரிய மீனைப் பற்றியே பேசுவார்கள். நான் பொடிமீன்காரன். ஏரிக்கரையில் வாங்கிக் காங்கோ எல்லையில் விற்பதுதான் என் தொழில்.

அந்த மீனை இரண்டு விதமாகக் காயவைப்பார்கள். கரை மணலில் அப்படியே கொட்டிக் காயவைப்பது ஒன்று. அதில் மணல் ஒட்டிக்கொள்ளும், அது கோழித் தீவனத்துக்குப் போகும். கழி நட்டு, வலை கட்டி, பரண் போலாக்கி அதன் மேல் பரப்பிக் காயவைப்பது இன்னொன்று. அது மனிதர்கள் தின்பதற்கு. காய்ந்து மூட்டைக்குள் போன பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பல்லில் நறநறவென்று கடிபடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எல்லைச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பிரித்தால் மீன் நொறுங்கும், மலைக்காற்றின் ஈரம் உள்ளே போய்ப் பூசணம் பிடிக்கும். அதனால் ஏரிக்கரையில் கட்டிய மூட்டை கட்டியபடியே கைமாறிக் கைமாறி மலைக்கிராமத்துச் சின்னக் கடை வரைக்கும் போகும். கட்டியவன் யார் என்பதுதான் கணக்கு. ஒவ்வொருவரும் தங்கள் மூட்டைக்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். சிலர் சிவப்புத் துணி கட்டுவார்கள், சிலர் பெயிண்ட் பூசுவார்கள். துணியும் பெயிண்டும் யாருக்கும் கிடைக்கும் என்பதால் அதில் போலியும் வந்துகொண்டே இருந்தது.

என் அடையாளம் வேறு. உகாண்டாவில் எங்கு பார்த்தாலும் வாழை, வாழை இருந்தால் நார். என் அம்மா சனிக்கிழமை தோறும் மாதா கோயில் பீடத்துக்கு மல்லிகை கட்டுவார். நான் ஒரே பிள்ளை, உதவிக்கு வேறு ஆள் இல்லை. பையன் பூ கட்டுகிறான் என்று நான் வளர்ந்த செலையூரில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அந்தக் கேலியெல்லாம் ஏரிக்கரையில் எனக்குச் சோறு போட்டது. மூட்டை வாயைத் தைத்த பிறகு, நனைத்த வாழைநாரில் பூ கட்டும் அதே முடிச்சை வரிசையாகப் போட்டு விடுவேன். பூ மட்டும் இருக்காது. அந்த ஊரில் யாராலும் அதைப் போட முடியவில்லை. கற்றுக்கொள்ள எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு முடிச்சுக்கு மேல் நார் அவர்கள் விரலைத்தான் கட்டியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் என் மூட்டைகளை வாங்கியவர் ஒரு காங்கோ அம்மாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அங்கே பேசும் சுவாஹிலியில் அக்காவை தாதா என்பார்கள். நம் ஊர் தாதாவை நினைத்து எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பழகிவிட்டது. மனதுக்குள் அக்கா என்றே கூப்பிடுவேன். சந்தையில் அவருக்கு முதல் வரிசையில் இடம். அந்த இடத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் பெண் வியாபாரிகளின் சங்கம். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் விற்கும் மூட்டையை நம்பி வாங்கலாம் என்று அர்த்தம். இடம் போனால் வியாபாரம் போனது என்று அர்த்தம், ஏனென்றால் சாலையோரம் உட்கார்ந்தவளிடம் பிரிக்காத மூட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். அக்கா என் முடிச்சை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். வீட்டில் கூட என்னை யாரும் அப்படி நம்பியதில்லை என்று அப்போது விளையாட்டாக நினைத்துக்கொள்வேன்.

தொழிலில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன், ஒரே பங்குக் கோயில், என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன். இங்கே எதுவும் சரிப்படாமல் இருந்தவனை நான்தான் அங்கே அழைத்துப் போனேன். லாரி, டிரைவர், எல்லையில் சுங்கம் எல்லாம் அவன் பார்த்துக்கொண்டான். மீன் பார்த்து வாங்குவதும் முடிச்சுப் போடுவதும் நான். ஓர் அறையில் தூங்கினோம். காய்ச்சலில் நான் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊட்டியவன் அவன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு என் முதுகு மக்கர் செய்தது. தாம்பரத்துக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டேன். நண்பனும் கூட வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். மூட்டை தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கொஞ்ச காலம் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். காலையில் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள், மாலையில் வந்ததும் மாத்திரைகளைத்தான் முதலில் பார்ப்பாள். நான் வீட்டில் இருப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் சமையலில் தெரிந்தது. நான் திரும்பிப் போகும் பேச்சை எடுத்தால் மட்டும் குழம்பில் உப்புக் கூடும். என் மீன் நின்றுபோயிருக்கும், அக்கா வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டிருப்பார், நான் போய் மறுபடி தொடங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நண்பனும் அப்படித்தான் சொன்னான். நீ இல்லாம முடிச்சு இல்ல, முடிச்சு இல்லாம சரக்கு இல்ல, நீ வர்ற வரைக்கும் லாரிய வாடகைக்கு வுட்டுகினு இருக்கேன் என்றான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி. வீடியோவில் ஒரு மூட்டை. மூட்டையின் வாயில் வாழைநார், நாரில் பூக்கட்டு முடிச்சு, வரிசையாக. பிறகு ஒரு கத்தி அதை அறுக்கிறது. ஒரு கை உள்ளே போய் மீனை அள்ளி ஒரு தட்டில் போட்டு, ஆட்டிவிட்டு, மீனை ஒதுக்குகிறது. தட்டில் மிஞ்சியிருந்தது மணல். ஒரு டம்ளர் நிறையும் அளவுக்கு.

குரல் செய்தியில் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மூட்டைகள் மலைக்கிராமங்களிலிருந்து திரும்பி வருகின்றன என்றார். குழந்தைக்குக் கஞ்சியில் போட இடித்த மீனில் மணல் என்று ஒரு தாய் தன் கடைக்காரியின் முகத்தில் வீசினாளாம். நானும் அவரும் சேர்ந்து செய்த வேலை என்று சங்கத்தில் பேசுகிறார்கள். அடுத்த சந்தை நாளில் கூடி முடிவு எடுப்பார்கள். "தம்பி, இது உன் முடிச்சா? ஆமாம் என்றாலும் சொல், இல்லை என்றாலும் சொல். பேசாமல் மட்டும் இருக்காதே" என்று முடித்திருந்தார்.

முடிச்சு என்னுடையதுதான். ஆனால் நான் இங்கே படுத்துக்கிடக்கிறேன். அங்கே இருந்தது ஒரே ஒருவன்.

அவனும் கொஞ்ச நாளாக ஊருக்கு வந்திருந்தான். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் வீடு கட்டி முடிக்கும் வேலை, அடுத்த வாரம் பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிக்க வேண்டும். முதுகுப் பட்டையை இறுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். டைல்ஸ் ஒட்டும் ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மச்சான், இந்த முதுக வெச்சுகினு எதுக்கு அலையுற? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

போனை அவன் முன்னால் நீட்டினேன். வீடியோ முழுவதையும் பார்த்தான். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. அந்தப் பக்கத்தில் அது போகும்வரை யாரும் பேச மாட்டார்கள், அந்த வசதியை அவன் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான்.

"மழை மச்சான்," என்றான் பிறகு. "விடாத மழை. பரண்ல கெடந்த மீனெல்லாம் ஊறிப்போச்சு. லாரி காத்துகினு கீது. கோழிக்குப் போற சரக்கு பக்கத்துலயே குவிஞ்சு கெடந்துது. கொஞ்சந்தான் கலந்தேன். கழுவித் தின்னா ஒண்ணியும் ஆவாது."

"நீ கழுவித் தின்னியா?"

படியில் கிடந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"லாரிய வாடகைக்கு விட்டிருக்கேன்னு சொன்ன."

"உனக்கு எதுக்கு டென்ஷன்னு சொல்லல."

"அக்காவோட எடம் போகப் போகுது. தெரியுமா?"

"அது காங்கோல கீற ஒரு பொம்பள மச்சான். உனக்கும் எனக்கும் நடுவுல அத்த ஏன் இட்டுகினு வர்ற?"

அந்த ஒரு பேச்சில் எனக்குள் ஏதோ அறுந்தது. மணலைக் கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்த அக்கா எங்கள் இருவருக்கும் தன் வீட்டில் பாய் விரித்துப் படுக்க வைத்தவர். எல்லையை மூடிய நாட்களில் இவனுக்குத் தன் கையால் சமைத்துப் போட்டவர்.

"முடிச்ச யாரு கத்துக்குடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரு கத்துக்குடுப்பா? உன்னப் பாத்துப் பாத்துக் கத்துகினேன்," என்று சொல்லி எழுந்து என் கையைப் பிடித்தான். "மச்சான், சங்கத்துல என் பேர மட்டும் சொல்லிடாத. அப்பால அந்தப் பக்கம் ஒரு மூட்ட கூட என்னால விக்க முடியாது. உன் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்டா நான்."

கையை உருவிக்கொண்டு இறங்கி வந்தேன். வழியெல்லாம் ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. நான் இல்லை, ஊரில் படுத்துக்கிடந்தேன் என்று சொன்னால் அங்கே யார் நம்புவார்கள்? மாட்டிக்கொண்ட திருடன் எல்லோரும் சொல்வது அதைத்தான். முடிச்சு என்னுடையதாக இருக்கும்போது வாயால் சொல்லும் இல்லைக்கு என்ன மதிப்பு? அக்காவின் இடத்தைக் காப்பாற்ற என்னிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்தபோது ஆட்டோவிலேயே கண் கலங்கியது. டிரைவர், முதுகு வலியா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மாலை. என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு பீடத்துப் பூ அவள் பொறுப்பு. நான் எதிரில் உட்கார்ந்து வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கத்தி வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, முடிச்சைப் பெரிதாக்கினேன்.

என் மனைவிக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, வெட்டுவது, பூ கட்டுவது எல்லாம் இடது கையால். கல்யாணமான புதிதில் அம்மாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். முடித்து இரண்டு சரத்தையும் இணைக்கும்போது சேராது. அம்மாவின் சரத்தில் நார் வலப்பக்கம் சுற்றி வரும், இவள் சரத்தில் இடப்பக்கம். மருமக பூ ஒரு பக்கம் பாக்குது, மாமியா பூ ஒரு பக்கம் பாக்குது என்று அம்மா சிரிப்பார். நான் அம்மாவிடம் கற்றவன். என் முடிச்சு வலப்பக்கம்தான் சுற்றும்.

போனில் இருந்த முடிச்சு இடப்பக்கம் சுற்றியிருந்தது.

அவள் கையைப் பார்த்தேன். மடியில் இருந்த சரத்தைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவனும் வலது கைக்காரன்தான், என்னைப் பார்த்துக் கற்றிருந்தால் முடிச்சு என்னுடையதைப் போல இருந்திருக்கும். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் விரல் போன வழியிலேயே தன் விரலை ஓட்டியிருக்கிறான். அதில் இடது வலது உண்டு என்பது கூட அந்த மடையனுக்குத் தெரியவில்லை.

போனை அவள் மடியில் வைத்தேன். "நீதானே சொல்லிக்கொடுத்த?"

அவள் உடனே புரிந்துகொண்டாள். பொய் சொல்லவில்லை.

"ஆமா. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப. அண்ணா ரெண்டு மூணு நாள் வந்து உக்காந்து கத்துக்கிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?" அவள் நாரைக் கீழே வைத்தாள். "முடிச்சுதான் உங்கள அங்க இழுக்குதுன்னு எனக்குத் தெரியும். நீங்க இல்லாமயே அது நடக்கும்னா, நீங்க போக வேணாம்ல. முதுக வெச்சுக்கிட்டு இங்கயே இருப்பீங்கல்ல. அண்ணாவும் அதத்தான் சொன்னாரு. வருஷத்துக்கு ஒரு தடவ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போற ஆள நான் எத்தன நாள் பாக்குறது?"

"உள்ள என்ன போட்டிருக்கான்னு பாரு," என்று வீடியோவை ஓட்டினேன்.

தட்டில் மணலைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

தெரியாது என்பதை நம்பினேன். ஆனால் அது எனக்கு ஆறுதல் தரவில்லை. நண்பன் மோசம் செய்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது, கோபத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இவள் செய்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் கேட்டது அநியாயமும் இல்லை. என்னை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறாள், அதற்கு என்னை வேண்டாதவனாக்கும் வழியைத் தேடியிருக்கிறாள். எனக்குப் பத்தியச் சாப்பாடு எடுத்து வந்த கூடையிலேயே வாழைநாரும் இருந்திருக்கும்.

அவள் கீழே வைத்த நாரை எடுத்து அவளிடமே நீட்டினேன். பிறகு நான் சொன்னேன், "அக்காவ காப்பாத்த ஒரு வழிதான் இருக்கு. நீ கட்டணும். நான் வீடியோ எடுக்கணும்."

அவளுக்கு அதன் அர்த்தம் தெரிந்தது. சங்கத்துப் பெண்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த முடிச்சு போனது எந்த வீட்டிலிருந்து, யார் கையிலிருந்து என்று முன்பின் தெரியாத ஒரு சந்தைக்கே தெரிந்துவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு நாரை நனைத்தாள்.

போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்தோம். முதலில் நான் பூவில்லாமல் முடிச்சுப் போட்டுக் காட்டினேன். பிறகு அவள். இரண்டு நாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று விரலால் காட்டினேன். எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் சொன்னேன்: இது என் கை. பழைய மூட்டைகளின் நார் யாரிடமாவது இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இது என் மனைவியின் கை. மணல் மூட்டையில் இருப்பது இது. இவளிடம் கற்றுக்கொண்டு போய்க் கட்டியவன் என் நண்பன். அவன் பெயரையும் சொன்னேன். தாதாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. முடிச்சு என் வீட்டிலிருந்துதான் போனது. நிறுத்தாமல் பேசி அனுப்பிவிட்டேன். மனைவிக்கு அந்த மொழி தெரியாது. தன்னைக் காட்டி நான் பேசும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த சந்தை நாள் முடிந்து அக்காவின் குரல் வந்தது. மலைக்கிராமக் கடைக்காரி ஒருத்தி வெங்காயம் கோத்துத் தொங்கவிட என் பழைய நார் ஒன்றை முடிச்சோடு வைத்திருந்தாளாம். அதைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அக்காவின் இடம் போகவில்லை, முதல் வரிசையிலேயே இருக்கிறார். என் நண்பனின் லாரியை இனிச் சந்தைக்குள் விட மாட்டார்கள். உன் மனைவியிடம் நன்றி சொல், அவள் முகத்தைக் காட்டியது பெரிய காரியம் என்றார். கடைசியில், "தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சங்கத்தில் முடிவு செய்துவிட்டோம். இனிமேல் யார் முடிச்சாக இருந்தாலும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவோம். உன் மூட்டையையும்" என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அக்காவுக்கு எடம் போகலயாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"இனிமே மூட்டையப் பிரிச்சுதான் வாங்குவாங்களாம். என் முடிச்சுக்கு வேல இல்ல. நான் அங்க போக வேண்டியதில்ல."

அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷப்பட அவளுக்கு முகம் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

பொழிச்சலூர் வீட்டை மந்திரித்த அன்று நாங்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று மகள் மட்டும் கேட்டாள். முதுகு வலி என்றேன், அந்த முதுகு எல்லாவற்றுக்கும் உதவுகிறது.

போன வாரம் மனைவி பள்ளிக்கூட டீச்சர்களோடு கோவளம் வரை போய்விட்டு வந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு வாங்கி வந்திருந்தாள். காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி, வாங்கிய கட்டைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தாள். சமாதானத்துக்கு வாங்கியது என்று எனக்குப் புரிந்தது. வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், நூலை அறுத்து, மீனை ஒரு தட்டில் கொட்டி ஆட்டினேன். மீனை ஒதுக்கிவிட்டுத் தட்டை விரலால் தடவிப் பார்த்தேன். மணல் இல்லை. நிமிர்ந்தபோது அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.